கல்லூரி ஐஸ் ரிங்க்: மூன்றாம் பீரியடில் பக் ஏன் துள்ளுகிறது?

மாம்பலத்தான்:

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி பார்க்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. ரிங்கின் (ஐஸ் தளம் உள்ள அரங்கின்) பெயர் வேண்டாம்; வடகிழக்குக் கல்லூரிகளின் ஈசிஏசி லீகில் ஆடும் ஓர் அணியின் சொந்த ரிங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் மூன்று பீரியடில் முதல் பீரியடில் பாஸ் அடித்தால் பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) ஐஸோடு ஒட்டிப் போகிறது. மூன்றாம் பீரியட் பாதி தாண்டியதும் அதே பாஸ் ஸ்டிக்குக்கு மேலே துள்ளுகிறது. அரங்கு பாதி காலியாக இருக்கும் ஆட்டங்களில் இது அவ்வளவாக இல்லை. ஹார்வர்டு வருகிற நாள், நிற்க இடமில்லாத கூட்டம் இருக்கும் நாள், அன்றைக்குத்தான். ஐஸைச் சீவிப் புதுப்பிக்கும் வண்டியான ஜாம்போனி ஓட்டுபவர் சரியில்லை என்கிறார் ஒருவர், குளிர்பதன பிளாண்ட் பழசு என்கிறார் இன்னொருவர், கூட்டத்தின் சூடு என்கிறார் மூன்றாமவர். கேலரியில் உட்கார்ந்தபடியே எது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

குளிர்பதனக் கரன், ரொறன்ரோ:

மூன்றும் உண்டு, ஆனால் சம பங்கு இல்லை. கணக்குப் போட்டால் விளங்கும்.

வட அமெரிக்க ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம். மூலைகள் வளைவு என்றபடியால் பரப்பு கிட்டத்தட்ட 1,500 சதுர மீற்றர். ஹொக்கி ஐஸின் தடிப்பு ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றேகால் அங்குலம். அதற்குக் கீழே கொங்கிறீற் தளம். தளத்துக்குள் மூன்றரை, நாலு அங்குல இடைவெளியில் குழாய்கள். அதற்குள் கல்சியம் குளோரைட் உப்புநீர் அல்லது கிளைக்கோல் ஓடும். மைனஸ் 9, மைனஸ் 10 டிகிரியில் உள்ளே போய், ஒன்றிரண்டு டிகிரி கூடித் திரும்பி வரும். தளத்துக்குக் கீழே வெப்பக் காப்பு. காப்புக்கும் கீழே, கன இடங்களில், இன்னொரு குழாய்த் தொகுதி இருக்கும். அதில் ஓடுவது இளஞ்சூடு. மண் உறைந்து வீங்கித் தளத்தையே தூக்கிவிடாமல் பார்ப்பது அதன் வேலை.

இப்ப இடைவேளைக்கு வருவோம். வண்டி ஒரு தரம் சுற்றி வந்தால் ஏறக்குறைய 500 லீற்றர் சுடுநீர் விடும். 65 டிகிரித் தண்ணியை மைனஸ் 5 டிகிரி ஐஸாக மாற்ற, கிலோவுக்கு 600 கிலோஜூலுக்கு மேலே எடுக்க வேண்டும். 500 லீற்றருக்குக் கணக்குப் பார்த்தால் 86 கிலோவாட் மணி. இதைக் கால் மணி நேரத்தில் எடுக்க வேண்டுமென்றால், வேறு ஒரு சுமையும் இல்லாமலே 98 டன் (எடை இல்லை, குளிர்விக்கும் திறனின் அலகு) குளிர்பதனம் வேண்டும். பிளாண்டே 100 டன் அளவில் இருக்கிற கல்லூரிகள்தான் கூட. ஆக, இடைவேளையில் ஐஸை உறைய வைப்பது கொம்பிரசர் மட்டுமில்லை; தளத்துக்குள் முன்கூட்டியே சேர்த்து வைத்த குளிரும்தான். ஆட்டத்துக்கு நாலைந்து மணி நேரம் முன்பே உப்புநீரை இரண்டு டிகிரி இறக்கி வைக்கிறவன் கெட்டிக்காரன். மூன்றாம் பீரியடுக்குள் அந்தச் சேமிப்புத் தீர்ந்தால் நீங்கள் சொல்கிற நிலைமைதான்.

பிளேடு பாஸ்கர்:

//ஜாம்போனி ஓட்டுபவர் சரியில்லை//

எடுத்தவுடன் ஓட்டுநரைப் பிடிப்பது எல்லா ரிங்கிலும் உள்ள வழக்கம். வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் யாரைக் குறை சொல்லலாம் என்பது தெளிவாகும்.

பின்னால் இருக்கும் பெட்டிக்குப் பெயர் கண்டிஷனர். அதில் 77 அங்குல நீளக் கத்தி. கத்தி சீவிய தூளைக் கிடைத் திருகு நடுவுக்குத் தள்ளும், அங்கிருந்து மேலே ஏறி முன்தொட்டியில் விழும். கத்திக்குப் பின்னால் கழுவுநீர்: இது கீறலுக்குள் இருக்கும் அழுக்கைக் கிளப்பும், ரப்பர் வழிப்பான் அதை இழுத்துச் சேர்க்கும், பம்ப் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் சுடுநீர்க் குழாய், அதன் பின்னே தொங்கும் துணி. துணிதான் தண்ணீரைச் சமமாகப் பரப்புகிறது.

ஓட்டுபவர் கையில் இருப்பது மூன்று: கத்தியின் ஆழம், தண்ணீரின் அளவு, வேகம். கத்தி மேலோட்டமாக ஓடினால் தூள் முழுதும் போகாது. அந்தத் தூளின் மேல் சுடுநீர் விழுந்து உறைந்தால் மேலே பளபளப்பு, உள்ளே பொரபொரப்பு. இரண்டு நிமிடம் ஸ்கேட் செய்ததும் தகடு தகடாகப் பெயர்ந்து வரும். 500 லிட்டர் என்றால் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தடிமன்தான். அவ்வளவு மெல்லிய படலத்துக்கு அடியில் தூள் இருந்தால் நிற்காது. மாறாக, நேரம் இருக்கிறதே என்று தண்ணீரை அள்ளி விட்டால், அணிகள் திரும்பி வரும்போது ஈரம் காயாது. ஈர ஐஸில் முதலில் இறங்கும் ஆட்டக்காரர்களின் ஷிப்டிலேயே பள்ளம் விழும், அந்தப் பள்ளம் பீரியட் முழுக்க அங்கேயே இருக்கும்.

ரிங்கைச் சுற்றியுள்ள போர்டு (தடுப்புச் சுவர்) ஓரமாக முதல் இரண்டு சுற்று, பிறகு நீள்வட்டமாக உள்ளே. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் ஓர் அடியாவது ஏறி வர வேண்டும். ஏறவில்லை என்றால் சீவாத ஒரு கோடு மீதி நிற்கும். கேட்டுக்கு வரும் முன்னரே தண்ணீரை நிறுத்த வேண்டும். நிறுத்தாதவர்கள் ஓட்டும் ரிங்கில் கேட் வாசலில் ஒரு திட்டு இருக்கும், பார்த்தாலே தெரியும்.

நெட் காவலன்:

பக் பற்றி யாரும் பேசவில்லை. கனத்த கந்தக ரப்பர், 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், ஐந்தரை முதல் 6 அவுன்ஸ் எடை. சூடாக இருந்தால் துள்ளும், உறைய வைத்தால் துள்ளல் குறையும். அதனால் ஆட்டத்துக்கு முன் ஃப்ரீசரில் வைப்பார்கள். பெனால்ட்டி பாக்ஸ் பக்கத்தில் ஐஸ் போட்ட வாளியிலோ சிறு பெட்டியிலோ மாற்று பக்குகள் இருக்கும். அந்தப் பெட்டியைத் திறந்தே வைத்துவிட்டால் மூன்றாம் பீரியடில் வரும் பக் எல்லாம் அறைச் சூட்டில்தான் வரும். பிளாண்டைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். செலவே இல்லாத திருத்தம்.

கிரீஸ், அதாவது கோலுக்கு முன்னால் நீலம் பூசிய இடம், வேறு கதை. கோலி (கோல் காப்பவர்) ஒவ்வொரு பீரியடுக்கும் முன் அந்த நீல இடத்தைத் தன் பிளேடால் சுரண்டி விடுவார். புது ஐஸில் பக்கவாட்டில் தள்ளும்போது பிடி கிடைக்காது, அதனால். இரண்டு கம்பத்துக்கு அருகிலும் ஆழமான பள்ளம் விழும். பீரியடுக்குப் பீரியடு அணிகள் முனை மாறுவதால் இரண்டு கிரீஸையும் இரண்டு கோலிகளும் தோண்டுகிறார்கள். ஜாம்போனியின் ஒரு சுற்றில் இது நிரம்பாது. வாளியில் ஐஸ்தூளும் தண்ணீரும் குழைத்துப் பள்ளத்தில் அப்பி, மட்டம் தட்டி, அவசரமானால் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை ஒரு வினாடி அடித்து உறைய வைப்பார்கள். குழைவு நீர்த்துப் போனால் நடுவில் உறையாமல் நின்று, மேல் ஓடு உடைந்து இன்னும் பெரிய குழியாகும்.

சுதா_இத்தாக்கா:

//நிற்க இடமில்லாத கூட்டம்//

அந்தக் கூட்டத்தைப் பற்றித் தெரியாமல் ஐஸைப் பற்றிப் பேசுவது பாதிக் கதை. உதாரணத்துக்குக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லைனா ரிங்க். 1957இல் திறந்தது. அதற்கு முன் அணி வளாகத்துக்குள் இருக்கும் பீபி ஏரியில், இயற்கை உறைவை நம்பி ஆடியது. குளிர் சரியாக விழாத ஆண்டில் ஆட்டம் இல்லை. செயற்கை ஐஸ் வந்து பத்தே ஆண்டில், 1967இல், நெட் ஹார்க்னெஸ் பயிற்சியில், கென் டிரைடன் கோல் காக்க, என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) பட்டம். 1970இல் இரண்டாவது பட்டம்; 29 ஆட்டம், 29 வெற்றி, ஒரு டிராகூட இல்லை. என்சிஏஏ ஆண்கள் முதல் பிரிவு ஹாக்கியில் அப்படி ஒரு சாம்பியன் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அரங்கில் 2006 விரிவாக்கத்துக்கு முன் 3,836 பேருக்கு இடம், பின் 4,267 பேருக்கு. தங்களை லைனாவின் விசுவாசிகள் என்று சொல்லிக்கொள்ளும் மாணவர் கூட்டம் உட்காரவே உட்காராது. எதிரணியின் பெயர்களை வாசிக்கும்போது எல்லோரும் கல்லூரிச் செய்தித்தாளை விரித்துப் படிப்பதுபோலப் பிடித்துக்கொள்வார்கள். தேசிய கீதத்தில் 'ரெட்' என்ற சொல் வந்தவுடன் மொத்த அரங்கும் அந்த ஒரு சொல்லைக் கத்தும், கார்னெலின் நிறம் சிவப்பு என்பதால். ஹார்வர்டு அணி ஐஸில் இறங்கும்போது மீன் பறக்கும். கார்னெலில் வேளாண் கல்லூரி இருக்கிறது. அதைக் கேலி செய்து ஹார்வர்டு பக்கத்தில் கோழியை எறிந்தார்கள், பாஸ்டன் கடற்கரை ஊர் என்பதால் பதிலுக்கு மீன் என்று எழுபதுகளில் தொடங்கியது. ஆட்டம் தொடங்கிய பிறகு எறிந்தால் நடுவர் சொந்த அணிக்கே பெனால்ட்டி கொடுப்பார். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே எறிந்து முடித்துவிடுவார்கள்.

பிளேடு பாஸ்கர்:

மீன் எறிபவர்களுக்கு ஒரு தகவல். செதிலும் எண்ணெய்ப் பசையும் ஐஸில் ஒட்டினால் அந்த இடத்தில் புதுத் தண்ணீர் பிடிக்காது. மண்வெட்டியால் வாரி, சுரண்டி, அந்தப் பொட்டில் மட்டும் குழைவு வைத்துத் தேய்க்க வேண்டும். வண்டியின் திருகுக்குள் போய்விட்டால் அந்த வாரம் முழுக்க வாசம். வண்டியைக் கழுவுகிற மாணவனும் உங்கள் கல்லூரிப் பிள்ளைதான்.

குளிர்பதனக் கரன், ரொறன்ரோ:

சுதா சொன்ன எண்ணிக்கையைக் கையில் எடுக்கிறேன். ஆளுக்கு 100 வாட் என்று வைத்தால் 4,000 பேருக்கு 400 கிலோவாட். எழும்பி நின்று கத்துகிற கூட்டத்துக்கு இது குறைவான மதிப்பீடு. ஆனால் இந்தச் சூடு முழுக்க ஐஸுக்குப் போகாது. சூடான காற்று மேலே ஏறும். ஐஸுக்கு மேலே கனத்த குளிர் காற்றுப் படிந்து கிடக்கும்.

உண்மையான எதிரி ஈரப்பதம். ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு 50 கிராம் தண்ணி விடுகிறார் என்று வைத்தாலும், 4,000 பேருக்கு மணிக்கு 200 லீற்றர். இந்த ஈரம் அரங்கில் ஆகக் குளிர்ந்த இடத்தைத் தேடிப் போகும். அது ஐஸ்தான். அங்கே உறைபனியாகப் படியும்போது கிலோவுக்கு 2,800 கிலோஜூல் வெப்பத்தை ஐஸுக்குக் கொடுத்துவிட்டுப் படியும். பத்தில் ஒரு பங்கு வந்தாலே 15 கிலோவாட் சுமை. அதைவிட மோசம், மேற்பரப்பில் வெள்ளையாக ஒரு சொரசொரப்பு. ஸ்கேட் பிளேடு அதைக் கிளறித் தூளாக்கும். அந்தத் தூளில்தான் பக் துள்ளுகிறது. உங்கள் மூன்றாம் பீரியடுக்கு என்னுடைய முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

மருந்து ஈரநீக்கி. உள்ளே காற்று 10 முதல் 13 டிகிரி, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் என்று பிடித்தால் நல்ல ஐஸ். பழைய ரிங்குகளில் ஈரநீக்கி வெறும் பயிற்சி நேரத்துக்குக் கணக்குப் போட்டது, நிரம்பிய அரங்குக்கு இல்லை. கூட்டம் வந்த பிறகு ஓட விட்டால் அது எட்டிப் பிடிக்காது; மத்தியானமே காற்றைக் காய வைத்துவிட வேண்டும்.

ராஜேஷ்_மிச்சிகன்:

இவ்வளவு கணக்கு எதற்கு? உப்புநீரை மைனஸ் 14க்கு இறக்கிவிட்டால் ஐஸ் கல்லாகிவிடும். கரண்ட் பில் கூடும், அவ்வளவுதானே.

குளிர்பதனக் கரன், ரொறன்ரோ:

அவ்வளவுதான் இல்லை, தம்பி. ஹொக்கிக்கு மேற்பரப்பு மைனஸ் 5, மைனஸ் 6. ஃபிகர் ஸ்கேட்டிங்காரர் மைனஸ் 3, மைனஸ் 4 கேட்பார்கள். குதித்து இறங்க மென்மை வேண்டும். மைனஸ் 8, 9க்கு மேற்பரப்பை இறக்கினால் ஐஸ் நொறுங்கும் தன்மைக்கு வரும். ஒவ்வொரு திருப்பத்திலும் சில்லுத் தெறிக்கும், தூள் கூடும், பக் பழையபடி துள்ளும். ஈரக் காற்றுக்கு முன்னால் மேற்பரப்பை இன்னும் குளிராக்கினால் உறைபனியும் இன்னும் கூடத்தான் படியும். நோயைத் தீர்க்கப் போய் அதற்கே தீனி போடுகிற வேலை.

உப்புநீரை அவ்வளவு இறக்க வேண்டி வருகிறது என்றால் முதலில் துளையிட்டுத் தடிப்பைப் பாருங்கோ. ஐஸே ஒரு வெப்பக் காப்பு. ஓர் அங்குலம் கூடினால் அதே மேற்பரப்பு வெப்பநிலைக்கு உப்புநீர் கிட்டத்தட்ட இரண்டு டிகிரி கீழே போக வேண்டும். இரண்டரை அங்குலம் வளர விட்டுவிட்டு பிளாண்ட் போதாது என்று புதுக் கொம்பிரசருக்கு விண்ணப்பம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பிளேடு பாஸ்கர்:

தடிமன் பற்றிக் கரன் அண்ணன் சொன்னதில் ஒரு நுணுக்கம் சேர்க்க வேண்டும். ரிங்க் முழுக்க ஒரே தடிமன் இருக்காது. ஆட்டக்காரர்கள் நடுவில் தேய்க்கிறார்கள், போர்டு ஓரத்தில் கத்தி முழுதாக நெருங்காது, ஆனால் சுடுநீர் மட்டும் ஒழுகிச் சேரும். கவனிக்காமல் விட்டால் ஐஸ் தாம்பாளம் மாதிரி ஆகிவிடும்: ஓரம் மேடு, நடு பள்ளம். போர்டு ஓரம் அடித்த பக் உள்நோக்கிச் சரிந்து வரும். இதற்கு எட்ஜர் என்று கையால் தள்ளும் சிறு மெஷின் உண்டு, அதைத் தினமும் ஓட்டுகிற ரிங்கும் உண்டு, வாரம் இரண்டு தடவையோடு நிறுத்துகிற ரிங்கும் உண்டு.

அளக்கும் முறை: மெல்லிய டிரில் பிட்டில் தளம் வரை துளை, அளவுக்கம்பி, குறித்துக்கொண்டு துளையைத் தண்ணீரால் அடைத்துவிடுவது. கோல் கோடுகள், நீலக் கோடுகள், நடுக்கோடு என்று வரிசையாக 20, 25 புள்ளிகள். வாரம் ஒருமுறை படம் போட்டு மாட்டினால், எங்கே அதிகம் சீவ வேண்டும், எங்கே அதிகம் விட வேண்டும் என்று அடுத்த ஷிப்டில் வருகிறவருக்கும் தெரியும். முக்கால் அங்குலத்துக்குக் கீழே போன இடத்தைக் கத்தியால் தொடவே கூடாது. அடியில் பெயின்ட் இருக்கிறது. கோடு சுரண்டி வந்துவிடும்.

கோல் சட்டத்தை நிறுத்தும் முளைகளின் துளைகளும் இப்படித்தான். வளையும் முளையின் கீழ்ப்பாதி கான்கிரீட்டில் முன்பே பதித்த குழிக்குள் இறங்கும். அந்தக் குழி இருக்கும் இடம் தெரியாமல் அரை அடி தள்ளித் துளை போட்டால் உப்புநீர்க் குழாயில் இறங்கும். சீசன் நடுவில் ஐஸை உடைத்துத் தளத்தைத் தோண்டுகிற வேலைக்கு அந்த ஒரு துளை போதும்.

மாம்பலத்தான்:

அருமை. துணைக் கேள்வி: அணிகள் காத்திருக்கும்போது எதற்குச் சுடுநீர்? குளிர்ந்த நீர் சீக்கிரம் உறையாதா?

குளிர்பதனக் கரன், ரொறன்ரோ:

உறையும். 15 டிகிரித் தண்ணிக்குச் சுமை மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆனால் சுடுநீர் கீறலின் விளிம்பைக் கொஞ்சம் உருக்கிப் பழைய ஐஸோடு ஒட்டும். உறைவதற்கு முன் சமமாகப் பரவ நேரம் கிடைக்கும். அதில் கரைந்த காற்றும் குறைவு. காற்றுக் குமிழி அடைபட்ட ஐஸ் மங்கலாக, உடையக்கூடியதாக இருக்கும். தண்ணியைச் சுழற்றிக் காற்றை நீக்கும் கருவி பூட்டிக் குளிர்நீரே விடுகிற அரங்குகளும் இருக்கின்றன. மின்சாரம் மிச்சம்தான். ஆட்டத்தன்று அதை ஒப்புக்கொள்ளாத ஐஸ்காரரும் நிறையப் பேர்.

தண்ணியின் தரமும் முக்கியம். உப்புக் கூடின தண்ணி குறைந்த வெப்பநிலையில்தான் முழுசாக உறையும், மேலே பசை மாதிரி நிற்கும். முழுக்க உப்பு நீக்கிய தண்ணியோ மிகக் கடின ஐஸ் கொடுக்கும். இடைப்பட்டது நல்லது.

சுதா_இத்தாக்கா:

ஒரு வாரத்தில் அந்த ஐஸ் யார் யாருக்கு என்று பார்த்தால் இன்னொரு காரணம் தெரியும். தொழில்முறை அரங்கு போலப் பல்கலைக்கழக ரிங்கில் ஆட்டம் மட்டும் நடப்பதில்லை. ஆண்கள் அணி, பெண்கள் அணி, உடற்கல்வி வகுப்பு, ஃபிகர் ஸ்கேட்டிங் கிளப், விடுதிகளுக்கு இடையிலான லீக், ஊர்ப் பிள்ளைகள், பொது ஸ்கேட்டிங். விடியற்காலை தொடங்கி நள்ளிரவு வரை. ஒவ்வொருவருக்கும் வேறு வெப்பநிலை வேண்டும், எல்லோருக்கும் ஒரே தளம். ஃபிகர் ஸ்கேட்டர்கள் தாவ, பிளேடு முனைப் பற்களால் குத்திய குழிகள் அடுத்து வரும் ஹாக்கிக்கு. மதியம் வரை மைனஸ் 3இல் இருந்த தளத்தை மாலை ஏழு மணி ஆட்டத்துக்கு இறக்கச் சில மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தில் அட்டவணையில் ஒரு வகுப்பு உட்கார்ந்திருக்கும்.

ஈசிஏசியில் வெள்ளி, சனி இரண்டு நாளும் ஆட்டம். அணிகள் ஜோடி ஜோடியாகப் பயணம் செய்யும்: கார்னெலும் கோல்கேட்டும் ஒரு ஜோடி, ஹார்வர்டும் டார்ட்மத்தும் ஒன்று, கிளார்க்சனும் செயின்ட் லாரன்சும் ஒன்று. வெள்ளியன்று கார்னெலில் ஆடிய ஹார்வர்டு சனியன்று கோல்கேட்டுக்குப் போகும். டார்ட்மத் இங்கே வரும். ஆகவே சொந்த ரிங்கில் வார இறுதி என்றால் அடுத்தடுத்த இரவு நிரம்பிய கூட்டம். வெள்ளி இரவு ஆட்டம் முடிந்ததும் ஆழமாகச் சீவி, ஓரம் வெட்டி, மெல்லிய அடுக்குகளாக இரண்டு மூன்று தடவை நீர் விட்டு மூடினால்தான் சனிக்கிழமை ஐஸ் தேறும். அந்த இரவு வேலைக்கு ஆள் நிறுத்த நிர்வாகங்களுக்கு மனம் வருவதில்லை என்பது என் கருத்து. ஸ்கோர்போர்டுக்குப் பணம் கொடுக்கப் பழைய மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள், நள்ளிரவு ஷிப்டுக்கு யாரும் பெயர்ப்பலகை வைக்க மாட்டார்கள்.

ராஜேஷ்_மிச்சிகன்:

சுதா மேடம், கார்னெல் ஏரித் தண்ணீரிலேயே வளாகத்தைக் குளிர வைக்கிறது என்கிறார்களே, ரிங்கையும் அதிலேயே உறைய வைக்கலாமே?

சுதா_இத்தாக்கா:

கேயுகா ஏரியின் ஆழத்திலிருந்து வருவது 4 டிகிரித் தண்ணீர். 2000ஆம் ஆண்டிலிருந்து கட்டடங்களின் ஏசிக்கு அதுதான். 4 டிகிரியை வைத்துக்கொண்டு மைனஸ் 6 செய்ய முடியாது. கம்ப்ரசர் இல்லாமல் ஐஸ் இல்லை.

நெட் காவலன்:

கட்டடமும் கணக்கில் வரும். யேல் பல்கலைக்கழகத்தின் இங்கல்ஸ் ரிங்க், கட்டடக் கலைஞர் ஏரோ சாரினென் வரைந்தது, 1958. முதுகெலும்பு மாதிரி ஒரே கான்கிரீட் வளைவு, அதிலிருந்து இரு பக்கமும் கேபிளில் தொங்கும் மரக்கூரை. திமிங்கலம் என்றே பெயர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் யோஸ்ட் அரங்கு அதற்கு நேர் எதிர்: 1923இல் உள்விளையாட்டுக் கூடமாகக் கட்டிய செங்கல் கட்டடம், 1973இல்தான் ஐஸ் போட்டார்கள். கண்ணுக்கு அழகு வேறு. ஐஸுக்கு என்ன தெரியும் என்றால், தலைக்கு மேலே எவ்வளவு சூடான பரப்பு இருக்கிறது என்பது மட்டும். கூரையின் அடிப்பரப்பு கதிர்வீச்சாக ஐஸுக்கு அனுப்பும் வெப்பம் மொத்தச் சுமையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகலாம்.

குளிர்பதனக் கரன், ரொறன்ரோ:

சரி. அதற்குத்தான் அலுமினியப் பூச்சுள்ள தாழ்கதிர்வீச்சுத் துணியைக் கூரைக்குக் கீழே விரிக்கிறது. இன்னொரு பலனும் உண்டு. மூடாத உலோகக் கூரை ஐஸைப் பார்த்தே குளிர்ந்துபோய், ஈரம் அதில் திரண்டு சொட்டும். சொட்டு விழுந்த இடத்தில் ஐஸில் சிறு குமிழ் எழும்பும். வரிசையாகக் குமிழ் இருந்தால் நேர் மேலே ஓர் உத்தரம் இருக்கும், அண்ணாந்து பாருங்கோ.

பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். புரொப்பேன் வண்டி ஓடுகிற மூடிய அரங்கில் கார்பன் மொனொக்சைட்டும் நைதரசன் டை ஒக்சைட்டும் சேரும். குளிர் காற்று தாழக் கிடப்பதால் ஆட்டக்காரரின் மூக்கு மட்டத்தில்தான் கூட. மின்கல வண்டிக்கு மாறுவது ஐஸுக்காக இல்லை, நுரையீரலுக்காக. அமோனியா பிளாண்ட் என்றால், உப்புநீரைக் குளிர்விக்கும் சில்லரின் குழாயில் ஒரு துளை போதும், அமோனியா உப்புநீருக்குள் கலக்கும். 2017 ஒக்டோபரில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபேர்னி நகர அரங்கில் அப்படித் தொடங்கிய கசிவில் மூன்று பேர் இறந்தார்கள். கசிகிறது என்று தெரிந்த சில்லரைத் திரும்ப ஓட விடக் கூடாது. உப்புநீரில் அமோனியா இருக்கிறதா என்று சோதிப்பது சின்ன வேலை.

பிளேடு பாஸ்கர்:

மாம்பலத்தான் கேட்டது கேலரியிலிருந்தே எப்படிக் கண்டுபிடிப்பது என்று. என் பதில்:

வண்டி வெளியேறியதும் பளபளப்பு மங்குவதைப் பாருங்கள். அணிகள் வரும் முன் முழுதும் மங்கிவிட்டால் பிளாண்டும் தண்ணீர் அளவும் சரி. நீள்வட்டமாக ஒரு கோடு மட்டும் தொடர்ந்து தெரிந்தால் வண்டி: புடைப்பாக இருந்தால் கத்தியில் பல் விழுந்திருக்கிறது, உலர்ந்த பட்டையாக இருந்தால் தண்ணீர்த் துளை அடைத்திருக்கிறது, அழுக்கு இழுப்பாக இருந்தால் வழிப்பான் தேய்ந்துவிட்டது. பீரியட் பாதியில் ஆட்டம் படாத மூலைகளில்கூட வெள்ளை பூத்திருந்தால் ஈரப்பதம். கிரீஸ் முன்னால் மட்டும் துள்ளினால் பள்ளம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி துள்ளுகிறது, ஆனால் ஐஸ் சுத்தமாக இருக்கிறது என்றால் நெட் காவலன் சொன்ன பக் பெட்டி.

மாம்பலத்தான்:

பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன். கோடு இல்லை, குமிழ் இல்லை. இரண்டாம் இடைவேளைக்குப் பிறகு ஒரு முனையில் மட்டும் ஈரம் காயாமல் நிற்கிறது, அந்த முனையின் மூலைகள் இரண்டும் வெள்ளையாகப் பூக்கின்றன. மறு முனை நன்றாக இருக்கிறது.

குளிர்பதனக் கரன், ரொறன்ரோ:

வண்டி வருகிற கேட் அந்த முனையிலா?

மாம்பலத்தான்:

ஆமாம். கேட்டுக்குப் பின்னால் தின்பண்டக் கடைகள் இருக்கும் நடைபாதை. இடைவேளை முழுக்கக் கதவு திறந்தே கிடக்கும்.

குளிர்பதனக் கரன், ரொறன்ரோ:

அப்ப நடைபாதையில் நிற்கிற கூட்டத்தின் சூடும் ஈரமும் நேராக அந்த முனைக்குள் இறங்குது. பிளாண்டைத் தொட வேண்டாம். வண்டி உள்ளே போனதும் கதவை இழுத்து மூட ஒரு மாணவரை நிறுத்தச் சொல்லுங்கோ. முடிந்தால் கீற்றுத் திரையோ காற்றுத் திரையோ போடட்டும். அந்த முனைக்கு வண்டிக்காரர் தண்ணியைக் கொஞ்சம் குறைத்து விடட்டும். அப்படியும் அடுத்த நிரம்பிய ஆட்டத்தில் ஈரம் நின்றால், உப்புநீர் திரும்பும் தலைக்குழாய் (தளத்துக் குழாய்கள் எல்லாம் சேரும் பெரிய குழாய்) அந்த முனையிலா என்று கேளுங்கோ. குழாய் வரிசையில் காற்று அடைத்தாலும் அந்தப் பக்கம்தான் முதலில் காட்டும். காற்று வெளியேற்றும் வால்வு தலைக்குழாய்ப் பள்ளத்திலேயே இருக்கும்.

பிளேடு பாஸ்கர்:

கதவை மூடச் சொல்லும்போது வண்டி திரும்பி வரும் நேரத்தையும் சொல்லி வையுங்கள். மூடிய கதவுக்கு முன்னால் வண்டி தண்ணீரோடு காத்து நின்றால் அங்கே ஒரு திட்டு எழும்பும், அடுத்த இழை அதைப் பற்றியதாக இருக்கும்.